மாற்றுச் சிறுநீரகம்: அறுவைக்குப் பின் தொடங்கும் கவனிப்பு

உறுப்பு மாற்று அறுவை என்றதும் நம் கண்முன் தோன்றுவது அறுவைக் கூடமும் அதற்கு வெளியே கைகூப்பிக் காத்திருக்கும் குடும்பமும்தான். நோயாளி வீடு திரும்பியதும், "எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இனிக் கவலையில்லை" என்று உறவினர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அந்த நிம்மதி நியாயமானதே. ஆனால், மருத்துவர்களின் கணக்கில் சிகிச்சையின் நீண்ட பகுதி அன்றுதான் தொடங்குகிறது. அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிந்திய கவனிப்போ அந்தச் சிறுநீரகம் உழைக்கும் காலம் முழுவதும், பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகள்கூடத் தொடர வேண்டும். அதன் பெரும்பகுதி மருத்துவமனையில் நடப்பதில்லை. வீட்டுச் சமையலறையில், மாத்திரைப் பெட்டியில், பேருந்துப் பயணத்தில் நடக்கிறது.

மருத்துவம் பயிலும் நண்பர்களுக்கு இதில் புதியது அதிகம் இராது. பிற துறை மாணவர்களுக்கும் தோட்டத்திலும் சிறு நகரங்களிலும் பெற்றோரை விட்டு வந்திருப்பவர்களுக்கும் இது பயன்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

மலேசியாவில் டயாலிசிஸ் எனப்படும் ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோரின் எண்ணிக்கை ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. புதிதாகச் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நீரிழிவால் சிறுநீரகத்தை இழந்தவர்கள். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேர். 'இனிப்பு நீர்' என்று நம் பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்லும் நோய்தான் நம் இனத்தின் சிறுநீரகங்களை அமைதியாக அரித்துக்கொண்டிருக்கிறது.

டயாலிசிஸ் என்பது வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பது. மாற்றுச் சிறுநீரகம் அந்தக் கட்டை அவிழ்க்கிறது, ஆயுளையும் கூட்டுகிறது. ஆனால், தேவைப்படுவோர் பலர். கிடைப்பதோ மிகச் சிலருக்கு. இறந்தபின் உறுப்பளிப்போர் நம் நாட்டில் இன்னும் மிகக் குறைவு. உயிருள்ள உறவினர் தந்தால்தான் உண்டு என்ற நிலையில்தான் பல குடும்பங்கள் இருக்கின்றன. இப்படி அரிதாகக் கிடைத்த ஒன்றைக் கவனக்குறைவால் இழப்பது இரட்டை இழப்பு. தந்தவரின் தியாகமும் வீணாகிறது. பெற்றவர் மீண்டும் இயந்திரத்திடம் செல்கிறார்.

உடல் மறப்பதில்லை

1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் ஜோசப் மர்ரே தலைமையிலான குழு ரொனால்டு ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை அவருடைய சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தியது. உலகில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அதுவே. ரிச்சர்டு அதன்பின் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த வெற்றிக்கு அறுவைத் திறமை மட்டும் காரணம் அன்று. இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். ஆகவே, வந்த சிறுநீரகத்தை உடல் அந்நியம் என்று அடையாளம் காணவில்லை.

மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கிருமிகளை எதிர்க்க நம் உடலில் ஒரு காவல்படை இருக்கிறது. அதை நோய் எதிர்ப்பாற்றல் என்கிறோம். வெள்ளை அணுக்கள் ஒவ்வோர் உயிரணுவின் மேலும் உள்ள அடையாளத்தைப் பார்த்து, 'இது நம்முடையது, இது அந்நியம்' என்று பிரித்தறிகின்றன. தாயின் சிறுநீரகமாக இருந்தாலும், உடன்பிறந்தவரின் சிறுநீரகமாக இருந்தாலும், அந்தப் படைக்கு அது அந்நியமே. தாக்குதல் தொடங்கினால் அதற்கு 'நிராகரிப்பு' என்று பெயர். இந்தக் காவல்படை ஓய்வு பெறுவதில்லை. பொருத்திய பத்தாம் ஆண்டிலும் மருந்தை நிறுத்தினால் தாக்கும்.

நம் நாட்டில் முதல் சிறுநீரக மாற்று 1975-ஆம் ஆண்டு டிசம்பரில் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் நடந்தது. சகோதரர் ஒருவர் தம் சகோதரருக்கு வழங்கினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1971-இல், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றைச் செய்திருந்தது. அக்காலத்தில் மருத்துவர்களிடம் இருந்தவை முக்கியமாக இரண்டே மருந்துகள்: அசாதியோபிரின், பிரெட்னிசொலோன். பலருக்கு அவை போதவில்லை.

பின்னர், நோர்வே நாட்டு மண்ணில் கண்டெடுத்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் கிடைத்தது. 1978-இல் இங்கிலாந்தின் ராய் கேல்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1983-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. 1984-இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து தக்ரோலிமஸ் கண்டுபிடிக்கப்பட்டது. உறுப்பு மாற்று அறுவை உலகெங்கும் பரவியதற்கு இந்த மருந்துகளே முதற்காரணம்.

மூன்று மருந்துகள், ஒரு தராசு

இன்று பெரும்பாலோருக்கு மூன்று மருந்துகள் சேர்த்துத் தரப்படுகின்றன. முதலாவது தக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின். இரண்டாவது மைக்கோபினோலேட் அல்லது அசாதியோபிரின். மூன்றாவது பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு. மூன்றும் காவல்படையை வெவ்வேறு இடங்களில் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே, ஒவ்வொன்றையும் குறைந்த அளவில் கொடுத்தாலே போதுமானதாகிறது.

இதை ஒரு தராசாக எண்ணிக்கொள்ளலாம். மருந்து குறைந்தால் நிராகரிப்பு. மருந்து மிகுந்தால் கிருமித் தொற்று, கைநடுக்கம், இனிப்பு நீர். அதற்கும் மேலாக, சிறுநீரகத்தைக் காக்கக் கொடுத்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும் நிலை. தக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றில் போதிய அளவுக்கும் மிகை அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறுகியது. மேலும், ஒரே அளவு மாத்திரை ஒருவர் ரத்தத்தில் ஏறுவதுபோல் இன்னொருவர் ரத்தத்தில் ஏறுவதில்லை. அதனால்தான் ரத்தத்தை அடிக்கடி சோதித்து, அவரவர்க்கு ஏற்ப அளவைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கிறார்கள். 'மருத்துவர் ஒவ்வொரு முறையும் மாத்திரையை மாற்றுகிறார், அவருக்கே நிச்சயமில்லை போலும்' என்று நினைப்பது தவறு. அவர் தராசைச் சரிசெய்கிறார்.

சுங்கை ஊடாங்கிலிருந்து ஒரு நாள்

சோதனைகள் எத்தனை முறை? 2009-இல் வெளியான 'கேடிகோ' எனும் அனைத்துலகச் சிறுநீரக வழிகாட்டியின் பரிந்துரை இது. முதல் வாரம் நாள்தோறும். முதல் மாதம் முடியும்வரை வாரம் இரண்டு மூன்று முறை. இரண்டாம், மூன்றாம் மாதங்களில் வாரம் ஒரு முறை. ஆறாம் மாதம்வரை இரண்டு வாரத்திற்கு ஒரு முறை. ஓராண்டு நிறையும்வரை மாதம் ஒரு முறை. அதன்பின் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுவதும்.

இந்த அட்டவணையைத் தலைநகரில் இருப்பவர் கடைப்பிடிப்பது வேறு, மலாக்கா மாநிலத்தின் சுங்கை ஊடாங்கில் இருப்பவர் கடைப்பிடிப்பது வேறு. ஒரு பக்கம் டெரண்டாக் ராணுவ முகாம், மறுபக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, சுற்றிலும் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் கொண்ட ஊர் அது. அங்கே வாழும் ஒரு தந்தையை எண்ணிக்கொள்வோம். அறுவை கோலாலம்பூரில் நடந்தது. காலையில் ரத்தம் கொடுக்க வேண்டுமானால் விடியுமுன் புறப்பட வேண்டும். மலாக்கா சென்ட்ரல் நிலையம்வரை யாராவது கொண்டுபோய் விட வேண்டும். அங்கிருந்து விரைவுப் பேருந்து. பின்னர் நகர ரயில். தோட்டத்திலோ ஆலையிலோ நாள்கூலிக்கு வேலை செய்பவருக்கு அன்றைய கூலியும் போயிற்று.

இங்கேதான் பலரும் அறியாத ஒரு நுட்பம் இருக்கிறது. மருந்தின் ரத்த அளவைச் சோதிக்கும் நாளில், காலை மாத்திரையை விழுங்குவதற்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். முந்திய இரவு எட்டு மணிக்கு மாத்திரை சாப்பிட்டிருந்தால், காலை எட்டு மணி அளவில் ரத்தம் எடுத்தால்தான் பன்னிரண்டு மணி நேர அளவு சரியாகத் தெரியும். வீட்டிலேயே மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறினால், சோதனையில் அளவு மிகுதியாகக் காட்டும். அதை நம்பி மருத்துவர் மருந்தைக் குறைத்துவிட்டால், உண்மையில் உடலுக்குக் கிடைக்கும் மருந்து போதாமல் போகும். ஆகவே, அன்றைய மாத்திரையைப் பையில் எடுத்துச் சென்று, ரத்தம் கொடுத்த உடனே சாப்பிட வேண்டும். ஒரு நாள் பயணமே பயனற்றுப் போகாமல் காப்பது இந்தச் சிறு குறிப்புதான்.

நிலைமை சீரானபின், தொடர் கவனிப்பை மலாக்கா பொது மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்கு மாற்றித் தர இயலுமா என்று கேட்டுப் பார்க்கலாம். தொலைவைக் காரணமாக வைத்துச் சோதனையைத் தள்ளிப்போடுவதைவிட அந்தக் கேள்வியைக் கேட்பது நல்லது. தொலைவும் கூலி இழப்பும் மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டிய செய்திகள் அல்ல.

வலிக்காத ஆபத்து

மாற்றுச் சிறுநீரகத்தை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் பொருத்துகிறார்கள். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. நிராகரிப்புத் தொடங்கினால் அந்த இடத்தில் வலி, வீக்கம், காய்ச்சல், சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றலாம். ஆனால், இன்றைய மருந்துகளைச் சாப்பிடுவோரிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. உண்பார், உறங்குவார், வேலைக்குப் போவார். உள்ளே சிறுநீரகம் தேய்ந்துகொண்டிருக்கும்.

அதைக் காட்டிக்கொடுப்பது ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளின் அளவு. சிறுநீரகம் சோர்ந்தால் அது உயரும். பொதுவான 'இயல்பு அளவை' விட, அந்த நோயாளியின் சொந்தப் பழைய அளவே முக்கியம். வழக்கமாக 110 இருந்தவருக்கு 145 வந்தால் அது எச்சரிக்கை. அடுத்த தவணைவரை காத்திராமல் காரணம் தேட வேண்டும். தேவைப்பட்டால் ஊசி மூலம் சிறு திசுத் துண்டை எடுத்துச் சோதிப்பார்கள். உரிய நேரத்தில் கண்டறிந்த நிராகரிப்பைப் பெரும்பாலும் மருந்தால் அடக்க முடியும். காலம் கடந்தால் வடு விழுந்துவிடும்; வடு விழுந்த பகுதி மீண்டும் உழைக்காது.

'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு இத்தனை மாத்திரை?' என்ற எண்ணமே மாற்றுச் சிறுநீரகத்தின் முதல் எதிரி. 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, இழக்கப்பட்ட மாற்றுச் சிறுநீரகங்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாததோடு தொடர்புடையவை என்று கண்டது. ஒழுங்காகச் சாப்பிடாதவருக்குச் சிறுநீரகம் கெடும் வாய்ப்பு ஏழு மடங்கு என்றும் அது கணக்கிட்டது.

ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரட்டிப்பாகச் சாப்பிடக் கூடாது. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடர்ந்தாலும் கேட்க வேண்டும். மருந்து உள்ளே தங்காமல் போகலாம். அளவு மாறியும் போகலாம். வேறு நிறுவனத்தின் மாத்திரை மாற்றித் தரப்பட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லி ரத்த அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று இல்லை

காவல்படையைக் கட்டிவைத்திருக்கும் உடலில் கிருமிகள் எளிதில் நுழையும். அதனால்தான் முதல் சில மாதங்களில் கோ-டிரைமாக்சசோல், வல்கான்சிக்ளோவிர் போன்ற தடுப்பு மருந்துகளையும் சேர்த்துத் தருகிறார்கள். முன்னது ஒருவகை நிமோனியாவைத் தடுப்பது. பின்னது சைட்டோமெகலோ என்ற வைரசைத் தடுப்பது.

நம் வட்டாரத்தில் காசநோயையும் மறக்கக் கூடாது. வேலூரில் 1986 முதல் 1999 வரை சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களை ஆராய்ந்தபோது, பத்தில் ஒருவருக்கு மேல் பின்னாளில் காசநோய் கண்டது தெரியவந்தது. இளமையில் உடலில் புகுந்து உறங்கிக்கொண்டிருந்த கிருமி, காவல் தளர்ந்ததும் விழித்துக்கொள்கிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து தக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் ரத்த அளவைச் சரேலெனக் குறைத்துவிடும். ஒரு நோயைக் குணப்படுத்தப் போய்ச் சிறுநீரகத்தை இழக்காதிருக்க, இரண்டு துறை மருத்துவர்களும் கலந்து பேச வேண்டும். பழைய காசநோய் வரலாற்றையும், வீட்டில் யாருக்காவது அந்நோய் இருந்ததையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

தோட்டப்புற வாழ்க்கைக்கென்று சில கவனங்கள் உண்டு. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், மண்ணிலும் சேற்றிலும் உள்ள கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் ஆகிய இரண்டும் நம் நாட்டில் உள்ளவை. செம்பனையில் வேலை செய்பவரும் வீட்டுக் கொல்லையில் கீரை போடுபவரும் கையுறையும் காலணியும் அணிய வேண்டும். வெள்ளம் வடிந்த சேற்றைக் கூட்டித் தள்ளும் வேலையை வேறொருவரிடம் விட வேண்டும். பாதியில் நின்ற இருமல், இரண்டு நாள் காய்ச்சல், எரிச்சலோடு போகும் சிறுநீர் எதுவானாலும் 'பானடோல் போட்டுப் பார்க்கலாம்' என்று இருந்துவிடக் கூடாது.

ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. ஆனால், தட்டம்மை, சின்னம்மை போன்றவற்றுக்கான உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளக் கூடாது. எந்த ஊசிக்கும் முன் மாற்றுச் சிறுநீரகம் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

வாய்க்குள் போகும் எல்லாவற்றிற்கும் கணக்கு உண்டு

அரை வேக்காட்டு முட்டை, பாதி வெந்த கெராங் சிப்பி, மலாக்காவிற்கே பெயர் வாங்கித் தந்த சத்தே செலுப் சட்டியில் அவசரமாக முக்கி எடுத்த இறைச்சி ஆகியவை மற்றவர்க்கு ருசி. மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்கு ஆபத்து. எதையும் நன்றாக வேகவைத்துச் சூடாகச் சாப்பிட வேண்டும்.

பம்ளிமாஸ் பழம் நம் ஊரில் பெருநாள் காலத்தில் வீடுதோறும் கிடைக்கும். அதுவும் அதன் இனமான கிரேப்ஃபுரூட் பழமும் தக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மருந்துகளின் ரத்த அளவை உயர்த்தக் கூடியவை. இந்த மருந்துகளைக் குடலும் கல்லீரலும் சிதைக்கப் பயன்படுத்தும் நொதியை அப்பழங்கள் தடுக்கின்றன. ஆகவே, அவற்றை ஒதுக்கிவிடுவதே பாதுகாப்பு.

மருந்துக் கடையிலும் கவனம் தேவை. மூட்டு வலிக்கும் பல்வலிக்கும் நம்மவர் தாராளமாக வாங்கிச் சாப்பிடும் டைக்லோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்திற்கு ஆகாதவை. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகள் தக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். வட்டாரக் கிளினிக்கில் இருமலுக்குப் போனாலும் மாத்திரைப் பட்டியலை நீட்டிவிட்டுத்தான் பேச வேண்டும். ஜாமு, சின்சே கடைச் சூரணம், நாட்டு மருந்து எல்லாவற்றிற்கும் இதே விதி. இவற்றில் எது மருந்தோடு மோதும், எது எதிர்ப்பாற்றலைத் தூண்டும் என்பது பலவற்றில் ஆராயப்படவே இல்லை. 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று விளம்பரம் செய்யும் பொருள் இவருக்கு நண்பன் அன்று. நாம் மருந்து கொடுத்து அடக்கிவைப்பது அந்தச் சக்தியைத்தானே!

விரதமும் நேர்த்திக்கடனும் நம் வாழ்வின் பகுதி. தைப்பூசமோ, சன்னாசிமலை ஆண்டவர் ஆலய மாசி மகமோ, விரதம் இருந்தாலும் மாத்திரை நேரம் மாறக் கூடாது. தண்ணீரும் குறையக் கூடாது. அலகு குத்திக்கொள்வது கிருமிக்கு வழி திறப்பது என்பதால் மருத்துவரைக் கேளாமல் அதில் இறங்கக் கூடாது. குடும்பத்தில் மற்றொருவர் அந்த நேர்த்தியை ஏற்றுக்கொள்ளலாம்.

நீண்ட பயணத்தின் மற்ற ஆபத்துகள்

சிறுநீரகம் நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும்போதே நோயாளியை இழப்பதும் உண்டு. அதன் பெருங்காரணங்களில் ஒன்று இதய நோய். ஸ்டீராய்டும் தக்ரோலிமசும் முன்பு இல்லாத நீரிழிவைக் கொண்டுவரலாம். ரத்த அழுத்தமும் கொழுப்பும் உயரலாம். நீரிழிவு மரபு வலுவாக உள்ள நம் இனத்தவர் இதில் இரட்டைக் கவனம் செலுத்த வேண்டும். டயாலிசிஸ் காலத்துக் கட்டுப்பாடுகள் நீங்கியதும் பசி திரும்புகிறது, எடை ஏறுகிறது. தே தாரிக்கில் சீனியைக் குறைப்பதும் மாலையில் நடப்பதும் இங்கே மருந்தின் ஒரு பகுதியே.

நீண்ட நாள் எதிர்ப்பாற்றலை அடக்கிவைப்பதால் சில புற்றுநோய்களின் வாய்ப்பும் கூடுகிறது. பெண்கள் கருப்பை வாய்ச் சோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். கழுத்திலோ அக்குளிலோ கட்டி தோன்றினால் காட்ட வேண்டும். புகை பிடிப்பதை நிறுத்த வேண்டும்.

தாய்மை அடைய விரும்பும் பெண்களுக்கு ஒரு நற்செய்தியும் ஒரு எச்சரிக்கையும் உண்டு. சிறுநீரகம் நிலைபெற்று ஓராண்டுக்கு மேல் ஆனபின் பலர் நல்லபடியாகக் குழந்தை பெற்றிருக்கிறார்கள். ஆனால், மைக்கோபினோலேட் கருவிலுள்ள குழந்தைக்கு ஊனம் விளைவிக்கக் கூடியது. கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறிக்கொள்ள வேண்டும். இதைத் திருமணப் பேச்சின்போதே இரு வீட்டாரும் அறிந்திருப்பது நல்லது.

நம் வயதினர்க்கு ஒரு சொல்

மாற்றுச் சிறுநீரகம் கெட்டுப்போகும் வாய்ப்பு மிகுந்த வயது எது? முதியவர்களின் வயது என்று பலரும் நினைப்பார்கள். பல நாட்டு ஆய்வுகள் சுட்டுவது ஏறத்தாழ 17 முதல் 24 வயதுவரை உள்ள பருவத்தை. அதாவது, பல்கலைக்கழக வயது. சிறுவயதில் அம்மா நேரம் பார்த்துக் கையில் வைத்த மாத்திரையை இப்போது விடுதியில் தானே எடுத்துச் சாப்பிட வேண்டும். குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களின் கிளினிக்குக்கு மாற வேண்டும். ஸ்டீராய்டால் முகம் உப்புகிறது. சைக்ளோஸ்போரினால் ஈறு தடிக்கிறது, முடி வளர்கிறது. நண்பர்கள் முன் மாத்திரைப் பெட்டியைத் திறக்கக் கூச்சம். இந்த நான்கும் சேர்ந்தால் ஒரு வேளை விடுபடும். பின்னர் ஒரு வாரம் விடுபடும்.

தோற்ற மாற்றம் தாங்க முடியவில்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்லலாம். மருந்தை மாற்றித் தர வழி உண்டு. சொல்லாமல் நிறுத்துவதற்கு மட்டும் வழி இல்லை. நம் விடுதியறையில் அப்படி ஒரு நண்பர் இருந்தால், அவருடைய எட்டு மணியை நாமும் நினைவில் வைத்துக்கொள்வது பெரிய உதவி.

வாங்கிய சிறுநீரகமும் தந்த சிறுநீரகமும்

1980களிலும் 90களிலும் மலேசியர் சிலர் இந்தியாவுக்கும், பின்னர் சீனாவுக்கும் சென்று விலை கொடுத்துச் சிறுநீரகம் பெற்று வந்தார்கள். வறியவரின் உடலை விலைபேசும் அறக்கேடு ஒருபுறம். தொடர் கவனிப்பின் கண்ணோட்டத்தில் பார்த்தாலும் அது ஆபத்தான வழி. தந்தவரின் நோய் வரலாறு முழுமையாகத் தெரியாது. அறுவைக் குறிப்புகள் சரியாக வந்துசேராது. சில வாரங்களிலேயே விமானம் ஏறி வந்து இங்குள்ள மருத்துவமனையின் வாசலில் நிற்க வேண்டும். 1990-இல் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரை, வளைகுடா நாடுகளிலிருந்து பம்பாய்க்குச் சென்று இப்படி வாங்கிவந்த 130 பேரை ஆராய்ந்து, அவர்களிடையே இறப்பு விகிதம் மிக உயர்ந்திருந்ததைக் காட்டியது. 1994-இல் இந்தியா சட்டம் இயற்றி உறுப்பு விற்பனையைத் தடை செய்தது. 2008-இல் இஸ்தான்புல் பிரகடனம் உலக மருத்துவர்களின் எதிர்ப்பைப் பதிவு செய்தது. நம் சுகாதார அமைச்சும், 2012 முதல் வெளிநாட்டில் புதிதாக விலைக்கு வாங்கிப் பொருத்திக்கொள்வோருக்கு எதிர்ப்பாற்றல் ஒடுக்கும் மருந்துகளை இலவசமாகத் தருவதில்லை என்று முடிவு செய்தது.

மறுபக்கம், அன்பால் தந்தவரை நாம் மறந்துவிடுகிறோம். தம் சிறுநீரகங்களில் ஒன்றைப் பிள்ளைக்கோ கணவருக்கோ கொடுத்த அம்மாவுக்கும் தொடர் கவனிப்பு வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 'எனக்கு ஒன்றும் இல்லை, பிள்ளையைப் பாருங்கள்' என்றுதான் அவர் சொல்வார். அவரையும் அழைத்துப் போவது நம் கடமை.

நான்காவது ஆள்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை வள்ளுவர் முடிக்கும்போது, மருத்துவத்திற்கு நான்கு பகுதிகள் உண்டு என்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பணிவிடை செய்பவர். முதல் மூன்றும் இன்றும் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. நான்காமவரைத்தான் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. உறுப்பு மாற்றுக்குப் பிந்திய கவனிப்பில் அந்த நான்காமவரின் பங்கு மிகப் பெரியது.

நம் குடும்பங்களில் அந்த இடம் பெரும்பாலும் படித்த பிள்ளைக்கே உரியது. மருந்துறையில் ஒட்டியிருக்கும் சீட்டு மலாயில் இருக்கிறது. சோதனை அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவை வெறும் காகிதங்கள். மருத்துவர் கேட்டால் 'சரி டாக்டர்' என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, 'என்ன சொன்னார்?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மாத்திரையின் பெயர், எதற்கு, எத்தனை மணிக்கு, எத்தனை என்று நான்கு கட்டங்களில் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டலாம். மருத்துவர் அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, எடை, ரத்த அழுத்தம், கிரியாட்டினின், மருந்தின் ரத்த அளவு என ஐந்து எண்களைக் குறித்து வரலாம். இரண்டு வாரத்திற்குத் தேவையான மாத்திரை எப்போதும் கையிருப்பில் உள்ளதா என்று வாரம் ஒரு முறை தொலைபேசியில் கேட்கலாம். சோதனை நாளில் காலை மாத்திரையைச் சாப்பிட வேண்டாம், பையில் வையுங்கள் என்று முந்திய இரவே நினைவூட்டலாம். காய்ச்சல் வந்தால் அழைக்க வேண்டிய எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

தமிழ் மொழிக் கழகத்தின் ஆண்டு மலரில் மருத்துவக் கட்டுரை எதற்கு என்று கேட்போருக்கும் இதுவே விடை. மொழி வளர்ச்சி என்பது மேடையிலும் ஏட்டிலும் மட்டும் நடப்பதன்று. 'நிராகரிப்பு' என்றால் என்ன, 'ரத்த அளவு' என்றால் என்ன, ஏன் வாழ்நாள் முழுவதும் இந்த மாத்திரை என்பதைத் தம் தாய்மொழியில் ஒருமுறை தெளிவாகக் கேட்டறிந்த பெற்றோர், மறுநாள் அந்த மாத்திரையைத் தள்ளிவைக்க மாட்டார்கள். அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவ நண்பர்களே, வீட்டில் மருந்துப் பை இருந்தால் ஒருநாள் மாலை அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எதற்கென்று பெற்றோருக்குத் தமிழில் சொல்லிவிட்டு வாருங்கள்.